எல்சி, பாஸ்கல் பெயரில்

1

ராயபுரத்தில் யாரோ ஒருவர் கிறிஸ்துமஸுக்கு அனாதை இல்லத்துக்குக் கம்பளி கொடுத்தார் என்று காதில் விழுந்தது. இந்தக் கதைக்கு மூலதனம் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

முதல் வரி இப்படி வந்தது: '1969 டிசம்பரில் கடற்காற்று சில்லென்று...' வேண்டாம். கடற்காற்றை வைத்து எவனும் கதை தொடங்கலாம்.

2

லூர்து துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுபவர். கல்யாணமாகவில்லை. அக்காள் இருதயம்மாளின் பிள்ளைகள் எல்சிக்கும் பாஸ்கலுக்கும் வருடாவருடம் புதுத்துணி அவர் செலவு. பண்டிகைச் சாப்பாடு அக்காள் வீட்டில். குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த ஒரு வேளைதான் உண்டு.

அந்த வருடம் ஒரு பிரசங்கம் கேட்டு மனம் இளகிவிட்டார். பிள்ளைகள் துணிக்கு வைத்திருந்த பணத்தில் அனாதை இல்லத்துக் குழந்தைகளுக்குக் கம்பளி வாங்கி, "எல்சி, பாஸ்கல் பேர்ல" என்று மாதா கோயில் உபதேசியாரிடம் ஒப்படைத்தார். (இவ்வளவு நல்லவரை என்னால் நம்ப முடியவில்லை. கொஞ்சம் பெருமை சேர்த்தேன்: பெயர்களைப் பூசையில் வாசிக்கவும் சொன்னார். இப்போது நம்புகிறேன்.)

3

அந்தக் கோயிலில் இன்னொருவர் பெயரில் தர்மம் செய்தால், அந்த இன்னொருவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். உபதேசியார் ஊருக்குப் புதுசு, பிள்ளைகளைத் தெரியாது. கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் கணீரென்று வாசித்தார்: "எல்சி, பாஸ்கல் ஆன்மாக்கள் நித்திய இளைப்பாற்றி அடைய."

கோயில் முழுக்க ஆமென் சொன்னது. பழக்கதோஷத்தில் பாஸ்கலும் சொன்னான்.

4

லூர்து சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருதயம்மாள் கதவைத் தாழ் போட்டிருந்தாள். குரல் மட்டும் வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா, உயிரோட கீற புள்ளைங்களுக்கு இன்னாடா பண்ணி வச்சிக்கீற? இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத."

"தர்மம்க்கா அது."

"யார் செத்ததுக்கு?"

5

ஒரு முடிவு: அக்காள் சிரித்துவிடுகிறாள். (இருதயம்மாளை உருவாக்கியவன் நான். சிரிக்க மாட்டாள்.) இன்னொன்று: இல்லத்துக் குழந்தை ஒன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு தெருவில் வந்து... எனக்கே வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

கடைசியில் எழுதியது இது. எல்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். போன வருடத்துக் கவுன், அக்குளில் இறுக்கியது.

"மாமா, நான் செத்துட்டனா?"

"இல்ல கண்ணு."

"அப்ப கவுன் எங்க?"

லூர்துவுக்காக நாலைந்து பதில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புண்ணியம் என்ற சொல் வந்தது, அடித்துவிட்டேன். மனிதர் இன்னும் வெயிலில் நிற்கிறார், பாவம். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவர் காதில் சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சொல்கிற பதிலாக வேண்டாம். அவளுக்கு ஏழு வயது.