பின்சீட்டு மிதி

முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற, பேட்டரி வைத்த ரெட்டை சைக்கிளைப் பார்த்ததும் சௌகத் அலி கேட்டது ஒன்றே ஒன்று. "இத யாரு தூக்குறது?"

மருமகன் ஜாகிர் தெரிந்த கடையிலிருந்து கொண்டுவந்திருந்தான். "ஓட்டிப் பாருங்க மாமா. புடிக்கலேன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறேன்."

"ஞாயித்துக்கிழமையே வந்துடு மாப்ள."

வண்டி எருமைக் கனம் கனத்தது. மாடம்பாக்கத்துச் சந்தில் அதை வளைக்க முடியாது. முன்சக்கரம் திரும்பி முடிப்பதற்குள் பின்சக்கரம் பக்கத்து வீட்டு கேட்டை இடிக்கும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கத்துக் காலை அழுத்தினால்தான் கிளம்பும். காலமெல்லாம் தண்ணி லாரி ஓட்டிய மனுஷன், இதையெல்லாம் பொறுத்துக்கொள்வார். பேட்டரியைத்தான் அவர் நம்பவில்லை. டீசலுக்கு ஒரு வாசனை உண்டு, உறுமல் உண்டு. இது திருடன் மாதிரி சத்தமில்லாமல் தள்ளியது.

ஆனால் மனைவி மெஹர் பானுவுக்குக் கண் போய்விட்டதே. சர்க்கரை நோய் தின்றது போக வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். அதிலிருந்து அவள் வாசல் தாண்டுவதில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால், "ஆட்ட இழுத்துனு போற மாதிரி இழுக்காதீங்க" என்பாள். காலை ஆட்டாமல் உட்கார்ந்தே கிடந்தால் காலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரெட்டை சைக்கிளின் பின்சீட்டுக்குக் கண் வேண்டாம். மிதித்தால் போதும். இந்த ஒரு நியாயத்துக்காகத்தான் சௌகத் அலி ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

"எங்க போவணும்?"

"தாம்பரம் பாலத்துக்கு. மேல நின்னு ரயில் சத்தம் கேக்கணும்" என்றாள், முக்காட்டைக் காதோரம் செருகியபடி.

ஊர் இன்னும் தூக்கம் கலையாமல் கிடந்தது. ஏரிப் பக்கமிருந்து பனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. தெருவிளக்குகள் அதில் கரைந்து மஞ்சளாய் மிதந்தன. சக்கரம் தரையைத் தொடுகிறதா என்றே சந்தேகம். பின்னாலிருந்து அவள் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப வேப்ப மரம். இப்ப பேக்கரி, பன்னு வேவுது." லாரி ஓட்டிய நாளில் இந்த வழியில் எத்தனை நடை போயிருப்பார், இங்கே ஒரு வேப்ப மரம் இருப்பது அவருக்குத் தெரியாது.

பாலத்து ஏற்றம் வந்தது. மோட்டார் முனகிக்கொண்டு இழுத்தது.

"மெஹரு, மிதிக்கிறியா, தூங்குறியா?"

"மிதிக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"எப்டித் தெரியும்? நடுவுல இன்னொருத்தன் தள்ளினு வரான்ல."

உச்சியில் நிறுத்தினார். கீழே மின்சார ரயில் ஒன்று கடந்து போனது. பாலம் லேசாக அதிர்ந்தது. அவள் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

சௌகத் அலி மனசில் பட்டதை உள்ளே வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. "நீ மிதிக்கல. மோட்டாருதான் மிதிக்குது. உன் காலு சும்மா கூடவே சுத்துது. இதால உனக்கு இன்னா பிரயோசனம்? சாயங்காலம் குடுத்துடறேன்."

அவள் கை ஹேண்டில் ரப்பரைத் தடவிக்கொண்டிருந்தது. நாளைக்கு மறுபடி அந்த நாலு சுவர்தான்.

மேற்குப் பக்கம் இறங்கினார்கள். இறக்கம் கண்டால் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடித்தே பழகிய கை அவருடையது. கட்டைவிரல் தன்னால் போய் மோட்டார் ஸ்விட்சை அணைத்தது. அணைத்தது அவருக்கே தெரியாது. கீழே டீக்கடையில் அவருக்கு ஒரு டீ, அவளுக்குச் சர்க்கரை போடாமல் ஒன்று. திரும்பவும் ஏற்றம்.

இந்தத் தடவை வண்டி கனத்தது. "பேட்டரி களைச்சிருச்சி பாரு" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஏறியது. மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி, மிதிக்கு ஒரு தள்ளு. அவர் கால் தளர்கிற இடத்திலெல்லாம் பெடல் தானாக எழுந்து உள்ளங்காலைத் தாங்கியது. கீழே தண்டவாளங்கள் பனிக்குள் பளபளத்தன. உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

"இப்பதான் மோட்டாருக்குப் புத்தி வந்துகீது" என்றார். "ஆளறிஞ்சி தள்ளுது."

பின்னால் அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

உச்சியில் நிறுத்தி, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று குனிந்து பார்த்தார். விளக்கு எரியவில்லை. ஸ்விட்ச் அணைந்தே இருந்தது. முனகல் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

மெல்லத் திரும்பினார். அவள் முக்காடு நழுவி, நெற்றி வேர்வையில் முடி ஒட்டியிருந்தது.

"ஆஃப்ல கீது."

"தெரியும். எறங்கறப்பவே சீட்டுல அந்த அதிர்வு நின்னுபோச்சி."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா போட்டுடுவீங்க. அப்புறம் சும்மா சுத்துதுன்னுவீங்க."

கீழே இன்னொரு ரயில் வந்தது. அது போய், பாலத்தின் அதிர்வு அடங்கியது. பனி விலகி, அவள் பக்கமாய் வெயில் லேசாக விழுந்தது.

"ஜாகிர் சாயங்காலம் வருவானே" என்றாள்.

"வரட்டும். பிரியாணி துன்னுட்டுப் போவட்டும்."

"வண்டி?"

சௌகத் அலி ஸ்விட்சைத் தொடாமல், லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

"சார்ஜு அப்படியே கீது. அது தீராம எப்டிக் குடுக்கறது? வலது காலு மொதல்ல. அமுத்து."