லோகு பார்த்த வானம்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரர் லோகேஸ்வரனைக் கேட்காமல் யாரும் பாவு போட்டதில்லை. விடிகாலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கிற வேலை அது. காய்வதற்குள் ஒரு தூறல் விழுந்தால் அவ்வளவு பட்டும் பாழ். அதனால் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்கே ஒரு பார்வை பார்ப்பார். "போடுங்கபா" என்றால் போடுவார்கள். அவர் சொல்லி நனைந்த பாவு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பெருமையில் மனிதருக்கு நடையே கொஞ்சம் மாறும். நான் கிண்டல் செய்வேன்.

எனக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, மகள் சுகாசினியோடு கடலோர ஊர் ஒன்றுக்குப் போனோம். அங்கே வானிலைக்கு ஒரு புத்தியும் கிடையாது. சுள்ளென்று வெயில் அடிக்கும், காப்பி ஆறுவதற்குள் ஆலங்கட்டி விழும். நான் வேலைக்குப் போக, அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். சும்மா இருப்பது அவருக்கு உறுத்தியது. வானம் பார்க்கிற ஒன்றாவது தன் கையில் இருக்கிறது என்று நினைத்தார்.

ஒரு நாள் காலை கிழக்கே துடைத்துவிட்டது போலிருந்தது. "கோட்டு எதுக்கு, பொழுதுக்கும் வெயில்தான்" என்று மகளைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனார். அந்த ஊரில் மழை மேற்கே கடலிலிருந்து வரும். ஒதுங்க இடமில்லாத வெளியில் குளிர்காற்றோடு கொட்டியது. தன் சட்டையைக் கழற்றிப் பிள்ளைக்குச் சுற்றி, தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். மறுநாள் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, நான் வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே ஆக்சிஜன் வைத்துப் படுக்கவைத்தோம்.

"உங்க வானத்த காஞ்சிபுரத்துலயே வுட்டுட்டு வந்திருக்கணும்" என்றேன். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

பிள்ளை தேறினாள். அவர் தேறவில்லை. குப்பை கொட்டப் போனாலும் போனில் மழை வருமா என்று பார்த்தார், குடை எடுத்தார். வெயிலில் விளையாடப் போவதற்கும் மகள் கோட்டு போட்டால்தான் கதவைத் திறப்பார். நான் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று லீவுக்காகக் காத்திருந்தேன்.

காஞ்சிபுரம் வந்த மறுநாள் விடியலில், எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் வீரபத்திரன் அண்ணன் வாசலில் நின்றார். ஒரு கல்யாணச் சேலைக்கான பாவு தயாராக இருந்தது.

"நீ வந்துட்டல்ல லோகு, இனி கவலையில்ல. போடலாமாபா?"

என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கினார். கிழக்கே பார்த்தார். பிறகு மேற்கே திரும்பினார், மறுபடி கிழக்கே. பங்குனி மாதத்து வானம், ஒரு பொட்டு மேகமில்லை, எனக்கே தெரிந்தது. சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் கை இடுப்பில் போனைத் தேடியது. அது வீட்டுக்குள் இருந்தது.

"வேணாம்ணே. எடுத்து வெச்சிருங்க."

வீரபத்திரன் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "நீ சொன்னா சரிபா" என்று பாவைச் சுருட்டச் சொன்னார்.

அன்று பொழுது சாயும்வரை வெயில் கொளுத்தியது. அவர் வாசல் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலை தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். பாவு ஏற்கெனவே தெரு நீளத்துக்கு விரிந்திருந்தது.

வீரபத்திரன் அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தார். "காப்பி சாப்ட்டியா லோகு?" என்று மட்டும் கேட்டார்.