பிறந்த வீட்டுக் கோடி

மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருந்த கோவிந்தம்மாளுக்குத் தங்கை செத்துப்போன சேதி, காலை வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரத்தில் வந்தது. கொண்டுவந்தவன் மாது. தங்கை புருஷன் தீர்த்தகிரியின் சித்தப்பா மகன். தீர்த்தமலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பி, அரூரில் பஸ் மாறி வந்திருந்தான். வந்தவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ராஜாமணி அண்ணி தவறிடுச்சுங்க. வயித்து வலி தாங்காம கிணத்துல வுழுந்துடுச்சு."

"எதுல வுழுந்தா?"

"கிணத்துலங்க. நம்ம காட்டுக் கிணத்துல."

கல்லில் கிடந்த தோசை கருகிப் புகைந்தது. கோவிந்தம்மாள் அதைத் திருப்பிப் போடவில்லை. பாவாடை கட்டுகிற வயசிலேயே ராஜாமணியின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கியவர் அவர்களுடைய அப்பா அர்ச்சுனன். பழகின பிறகு அவளைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மோட்டார் கொட்டகைக் கூரையில் ஏறி நின்று தலைகீழாகக் குதிப்பாள். கூட விளையாடுகிற பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அவளைக் கிணறு விழுங்கிவிட்டதாம்! யாருக்குக் காது குத்துகிறார்கள்?

மாமியார் வீட்டில் இது ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. வாழப்போன இடத்தில் எந்தப் பெண் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துக் காட்டப்போகிறாள்?

"போலீசுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"ஏட்டு வந்து பார்த்துட்டாருங்க. ஊர்ல அஞ்சு பேரு பஞ்சாயத்தாரா உக்காந்து, சந்தேகம் ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்தும் போட்டாச்சு. நீங்க கோடி கொண்டாந்தா எடுத்துடலாம்."

அந்த ஐந்து பேர் யார் யார் என்று கேட்டாள். தீர்த்தகிரியின் பெரியப்பா, தாய்மாமன், பங்காளிகள் இரண்டு பேர், அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற ஒருத்தன். நல்ல பஞ்சாயத்து! ஒரே சட்டியில் சோறு தின்கிறவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் சோறு வெந்ததா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

அர்ச்சுனன் தோட்டத்திலிருந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கடை வாசலில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு திடீரென்று எழுந்து, "நான் சொந்தக்காரங்களோட முன்னால போறேன். நீ கோடி எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துடு. சுமங்கலியா போயிருக்கா, நல்ல செவப்பா எடு" என்றார்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். அதை மேலே போர்த்தாமல் பிணத்தை எடுக்கிற வழக்கம் அந்தச் சீமையிலேயே கிடையாது. எவ்வளவு பெரிய வீடானாலும், எவ்வளவு அவசரமானாலும், கோடிக்காகக் காத்துத்தான் ஆகவேண்டும்.

கோவிந்தம்மாள் கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குப் போனாள். சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சேலையை எடுத்து, மஞ்சள் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. அரூர் வந்ததும் தீர்த்தமலை பஸ் அடுத்தாற்போல் நின்றுகொண்டிருந்தது. அவள் அதில் ஏறவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் குடியிருந்த வக்கீல் கவுஸ் பாஷாவின் வீட்டுக்கு நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

சேலத்துக்கு ரயில் ஏற வரும்போதெல்லாம் அவள் கடையில் சாப்பிடுகிறவர் கவுஸ் பாஷா. வாய் சும்மா இருக்காது. இட்லியைப் பிட்டுக்கொண்டே சட்டத்தைத் திட்டுவார். அன்றைக்கு அவள் சொன்னதை மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பொங்கிவிட்டார்.

"வயித்து வலி! இந்தத் தாலுகாவுல கிணத்துல வுழுந்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் வயித்து வலிதாம்மா. ஆம்பளை ஒருத்தனுக்கும் வராத வயித்து வலி. எத்தனை விசாரணைக் காயிதம் பார்த்துட்டேன், எல்லாத்துலயும் அதே வரிதான்."

"அப்படின்னா யாரும் கேக்க முடியாதுங்களா?"

"யாரு கேக்கறது? போலீசு வரணும், அக்கம்பக்கத்துல மரியாதைப்பட்டவங்க ரெண்டு பேருக்குக் கொறையாம கூட இருக்கணும். வெள்ளைக்காரன் எழுதிவெச்சது, அவ்வளவுதான் இருக்கு. அக்கம்பக்கம்னா யாரு? புருஷன் வூட்டாளுங்க. டில்லியில இந்தச் சட்டத்தை மாத்தறதுக்குக் கமிட்டி உக்காந்திருக்கு. கல்யாணமாகிப் போன பொண்ணு செத்தா, பொறந்த வூட்டாளு ஒருத்தரு பஞ்சாயத்துல இருக்கணும், மாஜிஸ்திரேட்டே நேர்ல வரணும்னு நான் பக்கம் பக்கமா எழுதி அனுப்பியிருக்கேன். ஒரு பதில் கெடையாது."

"எப்பங்க மாத்துவாங்க?"

"என் பேரன் வக்கீலாகி வர்றப்ப."

கோவிந்தம்மாளுக்குக் கோபம் வந்தது. "என் தங்கச்சி அதுவரைக்கும் கெடப்பாளா வக்கீலய்யா? பொறந்த வூட்டாளு இருக்கணும்னு சட்டத்துல இல்லை, சரி. இருக்கக்கூடாதுன்னு இருக்குதா?"

கவுஸ் பாஷா அவளைப் பார்த்தார். எழுந்துபோய் அட்டை கிழிந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"கூடாதுன்னு இல்லை" என்றார். "இன்னொண்ணும் இருக்கு. மாஜிஸ்திரேட்டு நெனச்சா போலீசு விசாரிச்ச பின்னாலயும் தானே வந்து விசாரிக்கலாம். நம்ம தாசில்தாருக்கு அந்த அதிகாரம் இருக்கு. ஆனா மனுஷன் ஏதோ ஊருக்குப் பட்டா விஷயமாப் போயிருக்காரு. மத்தியானம் ஆயிடும். அதுக்குள்ள எரிச்சுட்டாங்கன்னா என்னா பண்றது? சாம்பலை விசாரிக்க முடியாதும்மா. அதைத் தடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை."

"என்கிட்ட இருக்குதுங்க" என்று சொல்லி, கோவிந்தம்மாள் இடுப்பிலிருந்த மஞ்சள் மூட்டையை அவர் மேஜைமேல் வைத்தாள்.

மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் தாலுகா ஆபீசுக்கு ஓடினார். அவள் பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பங்குனி வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. பஸ் வரும், "தீர்த்தமலை, தீர்த்தமலை" என்று கண்டக்டர் கத்துவான், பஸ் போகும். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றாள். அங்கே ராஜாமணியை வெளியில் கிடத்தியிருப்பார்களா, நிழல் இருக்குமா, ஈ மொய்க்காமல் யாராவது விசிறுவார்களா? கூடப் பிறந்தவள் இங்கே பஸ் ஸ்டாண்டில் குந்திக்கொண்டிருக்கிறேனே, நானும் ஒரு மனுஷியா? மனசு கேட்காமல் ஒரு பஸ்ஸின் படியில் ஏறிவிட்டாள். ஏறின வேகத்திலேயே இறங்கினாள்.

"ஏம்மா, ஏறுறியா எறங்குறியா? கையில என்னா, பொண்ணு பார்க்கப் போற சேலையா?" என்றான் கண்டக்டர். அவள் பார்த்த பார்வையில் அவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டான்.

தாலுகா ஆபீஸ் பக்கம் போய்ப் பார்த்தாள். ஜீப் வரவில்லை. திரும்பி வந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி போனாள். பொழுது உச்சியைத் தாண்டிய நேரத்தில் தீர்த்தமலையிலிருந்து வந்த பஸ்ஸில் அப்பா இறங்கினார்.

"இங்க என்னாடி பண்றே?" தொண்டை கட்டிப்போயிருந்தது அவருக்கு. "ஊரே வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது. கோடி எங்க, கோடி எங்கன்னு என்னைப் புடுங்கறாங்க. குடு இப்படி."

"தாசில்தார் வர்றாருப்பா. விசாரிக்கட்டும். அப்பறம் போடலாம்."

"எவன் கூப்பிட்டான் தாசில்தாரை?"

"நான்தான். ராஜாமணிக்கு நீச்சல் தெரியும்ப்பா. நீதானே பழக்கினே?"

அர்ச்சுனன் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியாதா? பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. ஆனா கொழந்தை அவங்க கையில இருக்குது கோயிந்தம்மா. நாம வாயைத் தொறந்தா அதைக் கண்ணுலயே காட்டமாட்டோம்னு சம்மந்தி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. போனவ போயிட்டா. இருக்கறதையாவது பார்க்க வேணாமா?"

ராஜாமணியின் பெண்குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. கோவிந்தம்மாளைக் கண்டால் தாவிவரும். அது ஞாபகத்துக்கு வந்தது. அப்பா சொல்வது பொய்யில்லை. கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் விரல்கள் மூட்டையை விடமாட்டேன் என்றன.

"நீ குடுக்காட்டி போ" என்றார் அர்ச்சுனன். "எதிர்ல ஜவுளிக்கடை இருக்குது. அப்பன் கையால போட்டாலும் கோடிதான்."

விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். அவரைத் தடுக்க அவளிடம் சட்டமும் இல்லை, வழக்கமும் இல்லை. பின்னாலேயே ஓடினாள். அவர் கடைப்படியில் கால் வைத்தபோது, ரோடு கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எடுப்பா. போன மாசம் அடி பொறுக்க முடியாம அழுதுக்கிட்டு வந்தாளே, அன்னைக்கும் ஒரு சேலை எடுத்துக் குடுத்துத்தானே அவளைத் திருப்பி பஸ் ஏத்திவுட்டே? இப்பவும் எடுத்துக் குடு."

அர்ச்சுனன் அப்படியே நின்றார். உள்ளே இருந்து கடைக்காரர், "வாங்க பெரியவரே, என்னா பார்க்கறீங்க?" என்று கூப்பிட்டார். அவர் படியை விட்டு இறங்கி, நட்ட நடுரோட்டில் நின்று, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. கோவிந்தம்மாள் அவரைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

பொழுது சாயத் தொடங்கிய பிறகுதான் ஜீப் வந்தது. முன்னால் தாசில்தார், பின்னால் கவுஸ் பாஷா. கோவிந்தம்மாளையும் அர்ச்சுனனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

தீர்த்தகிரி வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பாடை கட்டி, எல்லாம் தயாராக இருந்தது. ஜீப்பைக் கண்டதும் கூட்டம் விலகியது. ஏட்டு ஓடிவந்து சல்யூட் அடித்தார். "காலையிலயே விசாரிச்சு முடிச்சாச்சுங்க. பொறந்த வூட்டு ஆளுங்களும் சந்தேகம் இல்லைன்னுட்டாங்க."

"அதை அவங்க சொல்லட்டும்" என்றார் தாசில்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஐந்து பேரையும் எதிரே வரச்சொன்னார். "பொண்ணோட அப்பா யாரு? நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் அர்ச்சுனனைப் பார்த்தார்கள். சம்பந்தி பார்த்தார். சம்பந்தியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று பார்த்தாள். அர்ச்சுனன் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கோவிந்தம்மாளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"என் பெரிய பொண்ணு சொல்லுவாளுங்க. அவ சொல்றதுதான் நான் சொல்றதும்."

"பொம்பளை வந்து பஞ்சாயத்துல பேசறதா? எந்த ஊர் வழக்கம் இது?" என்று தீர்த்தகிரியின் பெரியப்பா எழுந்தார்.

"உக்காருங்க. கூடாதுன்னு சட்டத்துல ஒரு வரிகூட இல்லை" என்றார் கவுஸ் பாஷா.

கோவிந்தம்மாள் நாள் முழுக்க மனசுக்குள் என்னென்னமோ சேர்த்து வைத்திருந்தாள். வெளியே வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"என் தங்கச்சிக்கு நல்லா நீச்சல் தெரியுங்க. கிணறு அவளுக்கு வூடு மாதிரி."

தீர்த்தகிரி அதுவரை குனிந்தே உட்கார்ந்திருந்தான். வெடுக்கென்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். தாசில்தார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீச்சல் தெரியும்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று ஐந்து பேரையும் கேட்டார். குத்தகைக்காரன் மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினான், இல்லை என்று.

"யாரு பழக்கினது?"

"நாந்தாங்க" என்றார் அர்ச்சுனன்.

தாசில்தார் அப்பா, மகள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். பிரேதத்தை அரூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கவேண்டும் என்று ஏட்டிடம் சொன்னார். கூட்டத்தில் பெண்கள், "ஐயோ, அறுக்கறதா!" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். நிலைப்படியில் நின்ற சம்பந்தியம்மா சரேலென்று உள்ளே திரும்பினாள். கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் எல்லோருக்கும் கேட்டன. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

ராஜாமணியை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். பிறந்த வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரவேண்டும் என்றார் ஏட்டு. கோவிந்தம்மாள் ஏறி, மஞ்சள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பாவுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

"வாப்பா."

அர்ச்சுனன் வரவில்லை. சாத்தின கதவுக்கு முன்னால் போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். சம்பந்தி ஏதோ சொல்லி மிரட்டினார். அவர் காதில் வாங்கவில்லை.

"நீ அவளைப் பார்த்துக்க" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினார். "நான் இந்தக் கதவைத் தொறக்காம எந்திரிக்கமாட்டேன். ஒரு பொண்ணை வுட்டுட்டுப் போனது போதும்."