ஆடிக்கிட்டே இருங்க, பாய்!

டைட்டஸுக்குப் பயம் புதிதல்ல. பாகாயத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே வாசல்வரை போய்த் திரும்புகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் வேலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மோட்டார் பாடம் நடத்தினார். 2003-இல், ஆம்பூர்த் தோல் ஷெட் ஒன்றில் தோல்களைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்முக்குத் தன் ஆராய்ச்சி மோட்டாரையே மாட்டியும் விட்டார்.

அந்த மோட்டாருக்கு ஒரு பிடிவாதம். உள்ளே சுழலும் ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான், எந்தக் கம்பிச் சுருளுக்குக் கரண்ட் கொடுப்பது என்று அதற்குப் புரியும். அதைச் சொல்ல ஒரு சென்சார் இருந்தது. ஷெட்டின் ஈரமும் சுண்ணாம்புத் தண்ணியும் அதைத் தின்றன. மாற்றிப் போட்டதையும் தின்றன. "சென்சாரே வேணாம் போ" என்று டைட்டஸ் கழற்றிவிட்டார். இனி கன்ட்ரோல் பெட்டி ஒவ்வொரு சுருளிலும் துளி கரண்டைத் தட்டிப் பார்க்கும்: டிக், டிக், டிக். கரண்ட் ஏறுகிற வேகத்தை வைத்து ரோட்டரின் இடத்தை ஊகிக்கும். அடுத்தடுத்து ஒரே விடை வந்தால் கிளம்பிவிடும்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போனால் டிரம்முக்குள் இறங்கி, முறுக்கிக்கொண்ட தோல்களைப் பிரித்துவிடுவார்கள். மெயின் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. பழைய மோட்டார், கரண்ட் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அமுக்காமல் அசையாது. அந்தத் தைரியம்தான்.

"இன்னா சார், உங்க மெஷின் தோலுக்கு ஜடை பின்னி வச்சிருக்குது!" டிரம்முக்குள்ளிருந்து ஷெட் தொழிலாளி அப்துல் சமத்தின் குரல்.

"ஜடைக்குத் தனி சார்ஜ் இல்ல, பாய்."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தபோது டியூப்லைட் மினுக்கியது.

டிக், டிக், டிக்.

சிரிப்பு வாயிலேயே உறைந்தது. லேபில் ஒவ்வொரு தடவையும் பொத்தான் அமுக்கச் சோம்பல்பட்டு, கரண்ட் வந்ததும் தானே கிளம்பட்டும் என்று புரோகிராமில் எழுதியது அவர்தான். இங்கே கொண்டுவரும்போது அதை மாற்றவே இல்லை.

உள்ளே சமத் நகர, டிரம் லேசாக ஊசலாடியது. டிக்-டிக் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. டைட்டஸுக்குப் புரிந்தது. டிரம்மோடு ரோட்டரும் ஆடுவதால் பெட்டிக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. சமத் அசையாமல் நின்றால் கிடைத்துவிடும்.

"இன்னா சத்தம் அது?" டிரம்மின் கதவுத் துளையில் சமத்தின் தலை எட்டிப் பார்த்தது. பாதி உடம்பு வெளியே இருக்கையில் டிரம் உருண்டால்...

"வெளிய வராதீங்க, பாய்! உள்ள போயி ஆடுங்க!"

"இன்னாது?"

"ஆடுங்க! குதிங்க! நிறுத்தாதீங்க!"

"யார் வீட்டுக் கல்யாணம் சார்?"

"உங்க கால்ல விழறேன் பாய், ஆடுங்க!"

அந்தக் குரலில் என்ன கேட்டதோ, தலை உள்ளே போனது. தொம் தொம்மென்று குதிக்கும் சத்தம் வந்தது.

பெட்டியில் அணைக்கிற சுவிட்ச் கிடையாது; மெயின் சுவிட்ச் ஷெட்டின் அந்தக் கோடியில். தரையெல்லாம் கொழுப்பு வழுக்கல். டைட்டஸ் ஓடினார், விழுந்தார், எழ நேரமில்லாமல் தவழ்ந்தார். முதுகுக்குப் பின்னால் டிக், டிக். இத்தனை வருஷமாக, பெட்டி ரோட்டரின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஜெபித்தவர், "கர்த்தாவே, கண்டுபிடிக்கவே கூடாது" என்று ஜெபித்தார். பின்னால் குதிக்கும் சத்தம் தளர்ந்தது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன்.

டிக், டிக், டிக். இந்த முறை அறுபடவில்லை. மோட்டார் மெல்ல உறுமியது.

டைட்டஸ் எட்டி, மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி இழுத்தார். டியூப்லைட் செத்தது. உறுமலும் செத்தது. டிரம் மட்டும் கொஞ்சம் முனகியது.

"சார்... நிறுத்தலாமா?"

சமத் தானாக இறங்கி, வேர்வை சொட்டச் சொட்ட அருகே வந்தார். நடந்ததை டைட்டஸ் திக்கித் திக்கிச் சொன்னார். சமத் ஒருமுறை டிரம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் கிண்டல்னு நெனச்சு இறங்கியிருந்தா, சார்?"

சமத் கைப்பிடியிலிருந்து டைட்டஸின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை.

"சரி, புடிச்சுக்கிட்டே இருங்க" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.