மெரிக்குக்கு ஏற்ற எதிராளி

கோடி மெரிக் என்ற குத்துச்சண்டைக்காரனோடு மோதப்போவது லெமுவேல் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நடுவில் ஒரு சின்னச் சண்டை பாக்கி. அதில் லெமுவேல் ஜெயிக்க வேண்டும். ஆனால் ரொம்ப நன்றாக ஜெயித்துவிடக் கூடாது.

இதை அவன் மனைவி ஒடெஸா நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சண்டைகள் பேசி முடிப்பவளும் அவள்தான். லெமுவேலுக்கு முப்பத்துமூன்று வயது. பன்னிரண்டு வருடமாகப் பிலடெல்பியாவின் தேவாலய மண்டபங்களிலும் தொழிற்சங்கக் கட்டடங்களிலும் சண்டை போட்டவன். டிவியில் ஒரு தடவைகூட வந்ததில்லை. இது போனால் இன்னொன்று வராது என்று இருவருக்கும் தெரியும்.

மெரிக்கோ, சண்டைகளை ஒளிபரப்பும் ஒரு டிவி சேனல் வளர்த்த பிள்ளை. நல்ல முகம், நல்ல சிரிப்பு. ஒரு சண்டைக்கு முப்பது லட்சம் டாலர் என்று ஐந்து சண்டைக்கு ஒப்பந்தம். அவ்வளவு கொடுக்கும்படி அவன் இன்னும் யாரையும் அடித்திருக்கவில்லை. கொடுத்தாகிவிட்டது, இனி அவன் தோற்கக் கூடாது. அதனால் எதிராளியைச் சேனலே நேரில் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அந்தச் சின்னச் சண்டையன்று சேனல் சார்பில் பார்க்க வந்திருந்தவர் பெர்லோ. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கடுகுச் சாந்து தடவிய பிரெட்சல் என்ற உப்பு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

உள்ளே, உடைமாற்றும் அறையில், பயிற்சியாளர் ஹர்லன் லெமுவேலின் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"எட்டு ரவுண்டும் போ. பாயிண்ட்ல ஜெயி. அவனும் உன்ன நாலு அடி அடிக்கட்டும்."

"அடி வாங்கத்தான்னா நான் எதுக்கு? உங்க மச்சான அனுப்புங்க."

"அவன் ஏறினா மேடை தாங்காதுடா."

ஒடெஸா சிரிக்கவில்லை. "லெம், விளையாடாத. பெர்லோ பயந்துட்டார்னா முடிஞ்சுது."

அன்றைக்கு எதிரே நின்றவன் ரே டால்டன். ஒரு காலத்தில் இதே சேனல் தூக்கிவைத்துக் கொண்டாடியவன். இரண்டு தோல்விக்குப் பிறகு கைவிட்டுவிட்டது.

முதல் இரண்டு ரவுண்டும் ஹர்லன் சொன்னபடியே போயின. லெமுவேல் கொஞ்சம் அடித்தான், கொஞ்சம் வாங்கினான். பெர்லோ திருப்தியாக மென்றுகொண்டிருந்தார். மூன்றாவது ரவுண்டில் டால்டன் வலது முழங்கையைத் தூக்கினான். விலா திறந்தது. லெமுவேலின் இடது கை உள்ளே போய் வந்தது. டால்டன் மண்டியிட்டு, வாயைத் திறந்தபடி, நடுவர் பத்து எண்ணும்வரை அப்படியே இருந்தான்.

மண்டபமே எழுந்து கத்தியது. ஒடெஸா மட்டும் பெர்லோவைப் பார்த்தாள். அவர் மடியில் விழுந்த உப்பைத் தட்டிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கை தானா போயிடுச்சு, டெஸ்," என்றான் லெமுவேல் காரில் மனைவியிடம்.

"தெரியும்." சற்றுப் பொறுத்து, "நல்ல அடிதான், போ," என்றாள்.

திங்கட்கிழமை பெர்லோ போன் செய்தார்.

"உங்க வீட்டுக்காரர் பிரமாதம்மா. ஆனா நாங்க வேற ஆளப் போட்டுட்டோம். டால்டன்."

"தோத்தவனையா?"

"தோத்தத யாரு பாத்தா? அங்க கேமராவே இல்லையே. டால்டன் மூஞ்சி ஜனங்களுக்குத் தெரியும். அந்த மூஞ்சிய காட்டிக் காட்டி நாங்க எவ்வளவு பணம் கொட்டியிருக்கோம்!"

"அவன் விலாவத் தொட்டாலே விழுந்துடுவான், சார்."

"மெரிக் விலாவுல அடிக்கத் தெரிஞ்சவன் இல்லம்மா. ஆனாலும் டால்டன் ஆறு ரவுண்டாவது நின்னாத்தான் பாக்கறவங்களுக்கு நல்லாருக்கும். அதனால டால்டனோட பயிற்சி முகாமுக்கு உங்க வீட்டுக்காரரையே கேக்கறாங்க. பயிற்சியில எதிர்ல நிக்க. வாரத்துக்கு ஆயிரம்."

ஒடெஸா போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். லெமுவேல் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்தான்.

"நான் விழ வெச்சவன நானே நிக்க வெக்கணுமா?"

"வேணாம்னு சொல்லட்டா?"

அவன் முட்டையைத் தட்டில் போட்டான். "முகாம்ல சேனல்காரங்க வருவாங்கல்ல?"

"வருவாங்க. டால்டனப் பாக்க."

"சரி, போறேன். வேற எவன் கூப்பிடப் போறான்?"

ஒடெஸா போனிலிருந்து கையை எடுத்தாள். அவர்களே வேண்டாமென்று போகட்டும் என்றுதான் நாலு மடங்கு கேட்டாள்.

"வாரத்துக்கு நாலாயிரம், சார். கூட நானும் ஹர்லனும் தங்க ரூம்."

"ஆகட்டும்மா," என்றார் பெர்லோ, மூச்சுவிடக்கூட நிற்காமல். "டிக்கெட் அனுப்பிடறோம்."

ஒடெஸா போனை வைத்தாள்.

"என்ன சொன்னார்?"

"சரின்னுட்டார், லெம். யோசிக்கவே இல்ல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் என்ன கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாங்க. மெரிக்கோட மட்டும் உன்ன மோத விடமாட்டாங்க."