தவக்காலத்துப் பூனை

இப்போதெல்லாம் ஒரு உயிர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் முதலில் எடுப்பது போனைத்தான். படம் பிடிப்பார்கள், ஐயோ பாவம் என்பார்கள், போய்விடுவார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்களோ எனக்கு இன்றுவரை தெரியாது. ராயபுரத்தில் எங்கள் ஸ்டோரில் ஒரே கேட்டுக்குள் ஆறு வீடு, நடுவில் ஒரு அடிபம்பு. அந்தப் பம்படியில் மூன்று நாளாக ஒரு செம்பட்டைப் பூனை படுத்துக் கிடந்தது. ஆளாளுக்குப் படம் பிடித்தாகிவிட்டது. ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

எனக்குப் பூனை பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் நாற்பது வருஷம் படகிலிருந்து மீன் இறக்கினவன் நான். கூடையைக் கீழே வைத்தால் வாய் வைக்கிற ஜாதி அது. ஆனால் இது செத்தால் நாற்றம் என் வாசலுக்குத்தான் வரும். கார்ப்பரேஷன் ஆள் வந்து எடுக்கிற வரைக்கும் யார் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? அதனால் குனிந்து பார்த்தேன்.

வாயிலிருந்து கோழை நூல்நூலாக ஒழுகியது. முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. விலா எலும்பை எண்ணலாம். கிண்ணத்தில் பால் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலை வேண்டாம் என்கிற பூனை இரண்டு நாள் தாங்காது.

யாருடையது என்று தெரிந்தால் அவர்கள் தலையில் கட்டிவிடலாம் என்று கிளம்பினேன். முதல் வீடு சிலுவையம்மாள். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சிலுவ, இது யாரு பூன?"

"எனக்கு இன்னா தெரியும் யேசண்ணா. மீன் துன்ற வூட்ல போய்க் கேளு."

"எந்த வூடு?"

"ஒன் வூடுதான். இந்த ஸ்டோர்ல இப்ப கவிச்சி துன்றது நீ ஒண்டிதான்."

அவள் சொன்னது தவக்காலக் கணக்கு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் ஸ்டோரில் மீன் இல்லை, கறி இல்லை, முட்டை கூட இல்லை. ஆறு வீடும் வேதக்காரர்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற ஐந்து வீட்டுக்கும் வாசனை போகும், பிறகு பேச்சு போகும். நான் மட்டும் விரதம் பிடிப்பதில்லை. யாரிடமும் மறைத்ததும் இல்லை. கோயில் சாமியாருக்கே தெரியும்.

"நான் துன்றது மெஸ்ல," என்றேன். "என் வூட்ல அடுப்பு பத்த வெச்சி ஆறு வருஷம் ஆவுது. பூன என்கூட மெஸ்ஸுக்கு வர்தா?"

"வந்தாலும் வரும். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி."

எதிர்வீட்டு ஜானட் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்கிள், அது ஸ்டானி அங்கிள் பூனன்னு நெனச்சேன். அவர் ஜன்னல்லதான் எப்பவும் குந்திகினு இருக்கும்," என்றாள்.

ஸ்டானிஸ்லாஸ் கடைசி வீடு. ரயில்வேயில் இருந்து ரிட்டயரான ஆள். என்னைப் போலவே தனிக்கட்டை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும்போது மைக்கைப் பிடித்து முன்னால் நடக்கிறவர் அவர்தான். ஜெபத்தை உருகி உருகிச் சொல்வார். பெண்கள் அழுவார்கள். எனக்கு அந்த மாதிரி உருகுகிற ஆட்கள் மேல் நம்பிக்கை கிடையாது.

கதவைத் தட்டினேன். அரைக் கதவைத் திறந்தார்.

"ஸ்டானி, ஒன் பூன சாவப் போவுது."

"என்து இல்லபா. தெருப் பூன அது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு, "தண்ணியாவது குட்ச்சிதா?" என்றார்.

"ஒன்து இல்லனா ஒனக்கு இன்னா?"

"கேட்டா தப்பா?" கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த ஆள்தான் எலி மருந்து வைத்திருக்கிறான். இல்லையென்றால் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு என்ன?

பழைய பிளாஸ்டிக் மீன் கூடை ஒன்று வீட்டில் கிடந்தது. அடியில் கோணியை மடித்துப் போட்டு, பூனையைத் தூக்கி வைத்து, மேலே வலைத் துண்டைக் கட்டினேன். கையில் எடை தெரியவே இல்லை. கேட்டுக்கு வெளியே தண்டபாணியின் ஆட்டோ நின்றது.

"இன்னா பெர்சு, கூடைல வஞ்சிரமா?"

"பூன. வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு உடு."

"சீட்ல கலீஜ் பண்ணா?"

"பண்ணா கய்வு. ஒன் வண்டி இப்ப இன்னா மணக்குதா?"

சிரித்துக்கொண்டே கிளப்பினான். மூலக்கொத்தளம் தாண்டும்போது கேட்டான், "யார்து பெர்சு இது?"

"தெர்யாது."

"தெர்யாத பூனைக்கு ஆட்டோவா? நல்ல மன்சன்யா நீ."

"வாய மூடிகினு ஓட்டு."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாக ஏற்றி இறக்கினான். கூடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், உரிமையாளர் பெயர் என்ன என்றார். தெரியாது என்றேன். கொண்டுவந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பூனை பெயர் என்ன என்றார். பூனை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு இரண்டு பக்கமும் பெரிய பெரிய நாய்கள் உட்கார்ந்திருந்தன. நாளைக்கு வா என்று எப்படியும் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்கும் உள்ளே ஏதாவது காரணம் இருக்கும்.

டாக்டர் சின்னப் பெண். கோட்டில் குத்தியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷாஸியா.

"எலி மருந்துமா," என்றேன். "யாரு வெச்சான்னும் தெரியும்."

"அவசரப்படாதீங்க ஐயா, பாக்கலாம்," என்று பூனையைத் துண்டில் சுற்றினாள். ஒரு ஊசி போட்டாள். அது கண்ணைச் சொருகியதும் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். இடுக்கியை உள்ளே விட்டு, கொஞ்சம் அசைத்து, வெளியே எடுத்தாள். "இதுதான் உங்க எலி மருந்து."

பஞ்சின் மேல் ஒரு முள் கிடந்தது.

"மேல ரெண்டு கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல குறுக்க மாட்டிக்கிட்டிருந்தது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பட்டினியிலயே போயிருக்கும்."

நான் அந்த முள்ளை எடுத்துப் பார்த்தேன். டாக்டருக்கு அது வெறும் முள். எனக்கு அப்படி இல்லை. ஒரு பக்கம் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது. கெளுத்தி மீனின் செவுள் பக்கத்து முள். கையில் ஏறினால் இரண்டு நாள் கடுக்கும். ரம்பத்தில் கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று சிக்கி, மஞ்சளும் சிவப்புமாக மசாலா ஒட்டியிருந்தது. ஆக, துறைமுகத்தில் பொறுக்கித் தின்றது இல்லை. யாரோ குழம்பு வைத்த மீன்.

இன்னொன்றும் இருக்கிறது. மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற பெண் கெளுத்தியைக் கையில் எடுத்தால் முதல் வெட்டே அந்த முள்ளுக்குத்தான். நம் வீட்டுப் பெண்களும் அப்படித்தான். முள்ளோடு சட்டிக்குப் போயிருக்கிறது என்றால், வெட்டக் கொடுக்காமல் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, வெட்டத் தெரியாத ஒரு ஆம்பிளை வீட்டுக்குள் வைத்து வெட்டியிருக்கிறான்.

டாக்டர் பூனைக்கு உடம்பில் தண்ணீர் ஏற்றினாள். ஒரு சின்ன பாட்டில் மருந்து கொடுத்தாள். "அஞ்சு நாளைக்குக் காலைல அஞ்சு சொட்டு, சாயங்காலம் அஞ்சு சொட்டு. முள்ளில்லாத மீனை வேக வெச்சு, மசிச்சு, கையால ஊட்டணும். வாய் புண்ணா இருக்கு, தானா சாப்பிடாது. விட்டீங்கன்னா மறுபடி படுத்துடும். வீட்ல யாரு பாத்துப்பாங்க?"

முள்ளைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுப்பே எரியாத வீட்டில் யார் மீன் வேக வைப்பது?

திரும்பி வந்தபோது மதியம் இரண்டு மணி. ஸ்டோரில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நேராகப் போய்க் கடைசி வீட்டு வாசலில் கூடையை வைத்தேன். பஞ்சைப் பிரித்து முள்ளை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

ஸ்டானிஸ்லாஸ் வெளியே வந்தார். "இன்னாது இது?"

"கெளுத்தி முள்ளு. பூன வாய்ல இருந்து எட்த்தது. குயம்புல வெந்த முள்ளு."

"அதுக்கு?"

"வெட்டத் தெர்யாத ஆம்பள வெட்ன முள்ளு. இந்த ஸ்டோர்ல தனி ஆம்பள ரெண்டே பேரு. என் வூட்ல அடுப்பே எரியறது இல்ல."

அவர் சிலுவையம்மாள் ஜன்னலைப் பார்த்தார். "மெல்லப் பேசு யேசு."

அந்தக் குரலைக் கேட்டதும் கூடைக்குள் பூனை தலையைத் தூக்கியது. நூல் மாதிரி ஒரு சத்தம் போட்டது. எனக்கு அது ஒரு சத்தமும் போட்டதில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்தார். "மிக்கேலு, வாடா. வா கண்ணு," என்றார். அது அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"தெருப் பூனைக்கு மிக்கேலுனு பேரா?" என்றேன்.

அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "மூணு நாளா நான் தூங்கல யேசு. நான் தூக்கிகினு போனா சிலுவ கேப்பா, ஸ்டானிண்ணா, தவக்காலத்துல பூனைக்கு இன்னா போட்டனு. அப்பறம் வெள்ளிக்கெயம எந்த மூஞ்ச வெச்சிகினு மைக்க புடிப்பேன்?"

"அதுக்கு இது சாவணுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ தூக்கிகினு போனத ஜன்னல் வயியா பாத்தேன். ஒடனே மாதாவுக்கு ரெண்டு மெயுவத்தி ஏத்தினேன்."

"மெயுவத்தியா வந்து முள்ள எட்த்துது?"

இந்த ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஊட்டுகிறதற்கு ஒரு கை வேண்டும், அது அவரிடம்தான் இருந்தது. பாட்டிலைக் கொடுத்து எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று சொன்னேன். மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

"மீன் வேவ வெச்சா வாசன போவுமே," என்றார்.

"போவட்டும். சிலுவ கேட்டா, யேசுதாஸ் தூக்கிகினு வந்த பூன, டாக்டர் சொன்ன மீனுனு சொல்லு. ஒன்னாண்ட அடுப்பு கீது, அதனால வேவ வெக்கிற. அவ்ளோதான். இனிமே மார்க்கெட்லயே வெட்டி வாங்கு."

அவர் முகம் அப்போது மாறியதைப் பார்த்தேன். பூனை பிழைத்ததற்கு மட்டும் அத்தனை வெளிச்சம் வராது. "சங்கரா வாங்கட்டுமா யேசு? சங்கரால முள்ளு கம்மி," என்றார்.

"எதனா வாங்கு. முள்ள எட்த்துட்டுப் போடு."

மறுநாளிலிருந்து ஸ்டோர் முழுக்க மீன் வாசனை. ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. டாக்டர் சொன்னது என்றால் அது தவக்கால விரதத்துக்கும் மேல். சிலுவையம்மாளே மார்க்கெட்டில் வெட்டின சங்கராவை வாங்கி வந்து கொடுத்தாள். ஜானட் வந்து படம் பிடித்தாள். மிக்கேலு இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தது, மூன்றாம் நாள் ஊட்டின விரலைக் கடித்தது, நான்காம் நாள் என் வாசலில் வந்து கழுவிவைத்த செருப்பின் மேல் படுத்தது. விரட்டினேன். போய்விட்டுத் திரும்பி வந்தது. சரி, படுத்துத் தொலை என்று விட்டுவிட்டேன். உடம்பில் ரோமம் பளபளவென்று ஆகியிருந்தது. பார்க்க ஒன்றும் மோசமில்லை.

ஐந்தாம் நாள் மருந்து முடிந்ததா என்று கேட்கப் போனேன். கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. வேக வைத்த மீன் வாசனை எனக்குத் தெரியும். இது அது இல்லை.

"ஸ்டானி, பூனைக்கு எதுக்குபா புளி?"

"வாசனைக்குதான். சொம்மா வேவ வெச்சா இப்ப தொட மாட்டேங்குது."

"மாங்காவும் கீது."

"அதுவும் வாசனைக்குதான். ஊட்ரப்ப கயுவிட்டுத்தான் ஊட்ரேன்." சட்டியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். "மாதா சத்தியமா யேசு, சாம்பல் புதன்லர்ந்து ஒரு துண்டு நான் வாய்ல வெக்கல. அந்தக் கெளுத்தியும் மிக்கேலுக்கு வெச்சதுதான். அது பிரியமா துன்னும்."

சட்டியை எட்டிப் பார்த்தேன். நடுத்துண்டாக ஐந்து துண்டு. பூனை ஜன்னல் கட்டையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. அதன் வயிறு ஒரு கைப்பிடி.

"நம்பல இல்ல நீ?" என்றார்.

"மருந்து முட்ஞ்சிதா?"

"முட்ஞ்சிடுச்சி. ஒரு சொட்டு கீழ உடல. இப்ப சொல்லு, நம்புறியா?"

மணி ஒன்றாகியிருந்தது. கொஞ்சம் தாமதித்தாலும் மெஸ்ஸில் வறுத்த மீன் தீர்ந்துவிடும். சட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன்.