பீங்கான் குதிரை

கிடாரைப் பாடையில் எந்தப் பக்கம் வைத்துக் கட்டுவது என்று வாசலில் ஆண்களுக்குள் தகராறு. அது சாதாரண கிடாரைவிட நீளம். ஒரு ஆளின் நெஞ்சு உயரம் இருக்கும். தலைமாட்டில் வைத்தால் அதன் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டது. கால்மாட்டில் வைக்கப் பச்சமுத்து சம்மதிக்கவில்லை.

"என் தம்பி அத நெஞ்சுல சாச்சிதான்டா வாசிப்பான். பக்கத்துல வச்சிக் கட்டுங்க. அதுவும் அவனோட எரியட்டும்," என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மூத்தவன் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? இரண்டு பேர் கயிறு தேடிப் போனார்கள்.

உள்ளே பெஞ்சின் மேல் மாணிக்கவேல் கிடந்தான். தலைமாட்டில் அவன் மனைவி வாசுகி உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் தலையில் நிறையப் பூவை வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ வைத்ததில்லை. அந்தப் பூவின் கனத்தில் கழுத்து வலித்தது. வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது.

நேற்றுச் சாயங்காலம் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாண வரவேற்பு. சபேசனின் மெல்லிசைக் குழு கச்சேரி. அதில் மாணிக்கவேல் பேஸ் கிடார் வாசிப்பான். கூடப் பாட ஆள் வராத நாளில் பின்பாட்டும் பாடுவான். மூன்றாவது பாட்டில் மைக்கைத் தன் உயரத்துக்கு இழுக்க வலது கையை நீட்டினான். இடது கை கம்பியில் இருந்தது. அவ்வளவுதான். விருந்துக்கு வந்திருந்த டாக்டர் ஒருவர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போலீசுக்குப் போனால் அறுத்துத்தான் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் பயந்து, உடலை வேனில் ஏற்றி விருத்தாசலத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த வேனில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் மைக் செட்டுக்காரன் சலீம். இறங்கியதும் முதல் அறையை வாங்கிக்கொண்டவனும் அவன்தான். மைக்கில் கரண்டை விட்டுத் தம்பியைக் கொன்றுவிட்டான் என்று பச்சமுத்து கத்த, தெருவே சேர்ந்துகொண்டது. இப்போது எதிர்சாரி அடிபம்பு மேடையில் சட்டை கிழிந்து, உதடு வீங்கி உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள். காட்டுக்குப் போய் வந்து அவனைப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. என்ன பேசுவார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெருமுனையில் அவன் அம்மா ஜைத்தூன் பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கிட்டே வரவும் பயம், போகவும் மனசில்லை.

மைக்கில் லேசாகக் கரண்டு வருவது கச்சேரிக்காரர்களுக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டு லைனில் ஒயரைச் சொருகினால் எந்த ஊரிலும் அப்படித்தான். பாடுகிறவர்கள் கர்ச்சீப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். சுரீர் என்றால் சிரித்துக்கொண்டே அடுத்த சரணத்துக்குப் போவார்கள்.

கயிறு வந்தது. இரண்டு பேர் கிடாரைத் தூக்கி மூங்கிலோடு சேர்த்துச் சாய்த்தார்கள். சாய்த்தபோது அதன் முன்பக்கம் வாசற்படிக்கு நேராகத் திரும்பியது. வாசுகி பார்த்தாள். கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் குதிரைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது.

அவளுக்கு அந்தக் கிடாரில் தெரியாத இடம் கிடையாது.

தையல் மிஷின் வாங்கி வருகிறேன் என்று மெட்ராசுக்குப் போனவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்குள் கிடந்ததாம். எந்த ஓட்டல் பேண்டிலோ அடிபட்டுத் தேய்ந்தது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது, சத்தம் வாங்கும் காயில் அறுந்திருந்தது, கம்பி நாலும் துரு. "புதுசுன்னா நம்மால கிட்ட நிக்க முடியுமா? இத ஆளாக்கிக் காட்டுறேன் பாரு," என்றான். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவளுடைய சோற்றுப் பானையில் சோடா உப்புப் போட்டுக் கம்பிகளை வேகவைத்துக்கொண்டிருந்தான். அழுக்குப் போனால் பழைய கம்பியும் புதுசாகப் பேசுமாம். அதற்குப் பிறகும் எப்படிப் பேசாமல் இருப்பது? திட்டுவதற்காகவாவது வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

பீங்கான் தொழிற்கூடத்தில் அவன் அச்சுப் பகுதியில் வேலை பார்த்தான். அங்கே ஒதுக்கிப்போட்ட சுண்ண அச்சுகளைக் கொண்டுவந்து பாரம் வைத்துக் கழுத்தை நிமிர்த்தினான். டேபிள் ஃபேன் மோட்டாரிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்துக் காயிலைச் சுற்றினான். வாசித்தபோது வீட்டுச் சுவரே அதிர்ந்தது. பின்னால் நின்று பார்த்த அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மேடையில் கம்பியைப் பிடித்தபடி மைக்கைத் தொட்டால் உதறியது. கம்பிகள் ஏறி நிற்கிற இரும்புக் கட்டை உள்ளே ஒயரோடு சேர்ந்திருக்கிறது, அதுதான் காரணம் என்று சலீம் கண்டுபிடித்துச் சொன்னான். வயலின்காரர் சபேசன் அந்தக் கட்டையைக் குதிரை என்பார். இரும்புக் குதிரையை எடுத்துவிட்டுப் பீங்கானில் ஒன்று செய்தால் என்ன என்று மாணிக்கவேலுக்குத் தோன்றியது. மின்கம்பத்துக்கே பீங்கான் செய்கிற ஊர்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? கம்பிக்குச் சரியாக அளவெடுத்துச் செய்து சூளையில் வைத்தான். வெளியே வந்தது குட்டிக் குதிரை. மண் சூளையில் சுருங்கும் என்பது பத்து வருஷமாக அதே வேலை பார்ப்பவனுக்குத் தெரியாதா? ஆசையில் மறந்துபோனான். வாசுகி கல்யாணத்துக்கு முன்னால் அதே தொழிற்கூடத்தில் பச்சை மண் சாமான்களுக்கு விளிம்பு சீவிக்கொண்டிருந்தவள். "சுருக்கத்துக்கு வுட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த குதிரையை அவளே செதுக்கிக் கொடுத்தாள். அது பொருந்தியது. அதற்குப் பிறகு கரண்டு அடிக்கவில்லை.

அடிக்காமல் போனதும் கிடார் ஊத ஆரம்பித்தது. கம்பியைத் தொட்டால் குளவி மாதிரி ஒரு உம். நல்லூர்க் கோயில் கச்சேரியில் முன்வரிசைக்காரன் ஒருவன், "யோவ், மொதல்ல அந்தக் குளவியத் தொரத்துய்யா," என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. சபேசன் அன்றே சொல்லிவிட்டார், நெய்வேலியில் ஒரு பையனிடம் புது கிடார் இருக்கிறது, ஊதல் நிற்காவிட்டால் அடுத்த கச்சேரிக்கு அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று.

போன வாரம் சலீம் வீட்டுக்கு வந்திருந்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது அடுப்படியில் இருந்த அவள் காதில் விழுந்தது.

"அண்ணே, ஊதல நிறுத்துறேன்னு கம்பியோட மட்டும் ஒயர சேத்துறாதீங்க. ஊதுனா ஊதிட்டுப் போவுது."

"எனக்குத் தெரியாதாடா? நீ போ," என்றான் மாணிக்கவேல்.

இப்போது வாசலில் கயிறு இரண்டு சுற்று விழுந்திருந்தது. சிவப்பு ஒயர் நாலு கம்பிகளின் அடியையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, குதிரையின் ஓரமாக உள்ளே இறங்கியது. யார் சுற்றியது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாணிக்கவேல் எதை முடிச்சுப் போட்டாலும் இடப்பக்கமாகத் திருகி, நுனியில் சின்ன வால் ஒன்றை விட்டுவைப்பான். மகளின் தூளிக்கயிறும் அப்படி, துணி உலர்த்தும் கொடியும் அப்படி.

தெரிந்தே வைத்திருக்கிறான்.

காலையிலிருந்து அழுத அழுகை சட்டென்று நின்றது. சொல்லாமல் இருந்துவிட்டால் கிடார் எரிந்துபோகும், ஒயரும் எரிந்துபோகும். புருஷனைக் கரண்டு அடித்தது, விதி, பாவம் என்று ஊர் சொல்லும். மூன்று வயதுப் பிள்ளை அப்படியே கேட்டு வளரும். சொன்னால், பொண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் வாசிப்புக்காக உயிரை விட்டவன் என்று ஆகும். அதையும் அவள் வாயால் சொல்ல வேண்டும், அவன் இன்னும் வாசலைத் தாண்டாதபோதே. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். பம்பு மேடையில் ஒருவன் சலீமின் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி ஏதோ கேட்டான்.

வாசுகி எழுந்தாள்.

"எங்கடி போற? ஒக்காருடி," என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். மாமியார் பெரியம்மாள், "எம்புள்ளய வுட்டுட்டு எழுந்து போறாளே," என்று மாரில் அடித்துக்கொண்டாள். கைகளை உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள். பூ ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

"மாமா, அந்தக் கயித்த அவுருங்க."

பச்சமுத்து புரியாமல் பார்த்தான். "என்னாம்மா?"

"கிடார எரிக்க வாணாம். அவுருங்க."

"அதக்கூட வித்துக்கலாம்னு பாக்குது பாரு," என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எரிச்சிக்கங்க. ஆனா ஒரு தரம் பாத்துட்டு எரிங்க. இந்தக் குதிரய நான் செதுக்கனேன். கரண்டு வரக்கூடாதுன்னுதான் பீங்கான்ல செஞ்சது. இந்தச் செவப்பு ஒயரு இருந்தா, பீங்கான் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

பச்சமுத்து குனிந்து பார்த்தான். பிறகு வேகமாகப் பம்பு மேடைப் பக்கம் திரும்பினான். "அந்த நாயி வச்சானா?"

"ஒங்க தம்பி வச்சாரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முடிச்சப் பாருங்க மாமா."

பார்த்தான். சின்ன வயதில் தம்பி கட்டிக் கொடுத்த பட்டமோ, மாட்டுக்கயிறோ, எதுவோ அவன் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். கட்டை விரலால் அந்த வாலைத் தொட்டான். தொட்டதும் சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டான்.

கூட்டத்தின் ஓரத்தில் சபேசன் மாலையோடு நின்றிருந்தார். வாசுகி அவரிடம் கேட்டாள்.

"சார், நேத்து ஊதலு இருந்துதா?"

அவருக்கு முகம் வெளுத்தது. மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார். "நேத்து சுத்தமா இல்ல. ரொம்ப நன்னா இருந்தது."

பறைக்காரர்கள் குச்சியைக் கீழே இறக்கிவிட்டார்கள். பச்சமுத்து தெருவைக் கடந்து பம்பு மேடைக்குப் போனான். காவலுக்கு நின்றவர்கள் விலகினார்கள்.

"நீ ஏன்டா சொல்லல?"

"ஒயர் வச்சது எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா வாசிக்க வுட்டிருக்க மாட்டேன்." உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை குழறியது. "வேன்ல வரும்போது நெனச்சேன், வச்சிருப்பாரோன்னு. அவரு தல என் மடியில இருந்திச்சி. எப்பிடிண்ணே சொல்றது?"

பச்சமுத்து மன்னிப்புக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கத் தெரியாது. "வூட்டுக்குப் போ," என்று மட்டும் சொன்னான். ஜைத்தூன் பீவி ஓடி வந்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நகரவில்லை. பம்பு மேடையை விட்டு எழுந்து அதே இடத்தில் நின்றான்.

செய்தி அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டது. பெரியம்மாளின் ஒப்பாரி திசை மாறியது. காலையிலிருந்து சலீமின் குடும்பத்தைச் சபித்துக்கொண்டிருந்தவள், "தெரிஞ்சேவாடா வச்ச? தெரிஞ்சேவாடா?" என்று மகனின் தாடையைப் பிடித்து ஆட்டினாள். பெண்கள் அவளை இழுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வாசுகி காதை மூடிக்கொள்ளவில்லை. தான் கொண்டுவந்து கொடுத்த கேள்விதானே, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கிடாரைத் திரும்பக் கட்டச் சொல்லவும் ஆளில்லை, உள்ளே எடுத்துப் போகவும் ஆளில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். லைன் இல்லாத கிடார் என்று தெரிந்தும் எல்லாரும் இரண்டு முழம் தள்ளியே நின்றார்கள்.

வெயில் ஏறிவிட்டது, நேரமாகிறது என்று ஒருவர் சத்தம் போட்டார். சங்கு ஊதினார்கள். குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றி, பாடையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பச்சமுத்து முதலில் வாய்க்கரிசி போட்டான். பங்காளிகள் போட்டார்கள். மாமியாரைத் தாங்கிக்கொண்டு வந்து போட வைத்தார்கள். கடைசியாக வாசுகியைக் கூப்பிட்டு, அவள் வலது கையில் ஒரு பிடி அரிசியைத் திணித்தார்கள்.

அவள் அவன் முகத்துக்கு மேலே கையை நீட்டினாள். மேடைக்குப் போகுமுன் சீவிய கிராப்பு ஈரத்திலும் அப்படியே படிந்திருந்தது. முகத்தில் வலியே இல்லை. நன்றாக வாசித்துவிட்டு வந்த நாளில் தூங்குகிற முகம். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கை மூடியே இருந்தது.

"போடும்மா," என்றார்கள்.

கை திறக்கவில்லை.

"பாவம், அதுக்கு வழியனுப்ப மனசு வரல," என்று பின்னால் யாரோ ஒருத்தி அழுதாள். இரண்டு பெண்கள் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவள் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.